திருமண மேசையும் நம் தறியும் தோட்டமும்

திருமணம் என்பது நம் ஊர்களில் ஒரு வீட்டின் நிகழ்ச்சியாக மட்டும் இருந்ததில்லை. பந்தற்கால் நடுவது முதல் வாழை கட்டுவது, தோரணம் பின்னுவது, சந்தனம் அரைப்பது, வெற்றிலை அடுக்குவது வரை உற்றாரும் அயலாரும் பங்கிட்டுச் செய்தனர். அவ்வேலைகளுக்குக் கூலி என்று ஒன்று பேசப்படவில்லை. இன்று இவர் வீட்டுக்கு அவர், நாளை அவர் வீட்டுக்கு இவர் என்னும் முறையே கூலியாக நின்றது. கூட்டுறவு என்னும் சொல்லைச் சட்டம் நமக்கு அளித்தது 1904ஆம் ஆண்டில். அதன் பொருளை நம் முன்னோர் அதற்கு நெடுங்காலம் முன்னரே கல்யாணப் பந்தலில் அறிந்திருந்தனர்.

இன்று பந்தல் மண்டபமாகிவிட்டது. அலங்காரம் குத்தகையாகிவிட்டது. நகரத்திலிருந்து ஒரு வண்டி வருகிறது. தெர்மாகோல் அட்டையில் வெட்டிய எழுத்துகளும், பிளாஸ்டிக் ரோசாக்களும், பளபளக்கும் செயற்கைத் துணிகளும் இறங்குகின்றன. மறுநாள் காலையில் நல்லவை வண்டியேறிப் போகின்றன. உடைந்தவை மண்டபத்தின் பின்புறம் குவிகின்றன. ராயப்பன்பட்டியில் திராட்சைப் பந்தலும் வாழைத் தோட்டமும் வைத்திருக்கும் நாம், நம் பிள்ளைகளின் திருமண மேசையில் வைப்பதற்கு எங்கோ ஓர் ஆலையில் வார்த்த பூவை வாடகைக்கு எடுக்கிறோம். இதனை ஒரு சிறு செய்தியென்று ஒதுக்கிவிடலாகாது என்பது நமது கருத்து.

மேசை நம் திருமணங்களில் பிற்காலத்தில் புகுந்த பொருள். முன்னர்ப் பாய் விரித்துப் பந்தி வைத்தோம். தாம்பாளத்தைத் தரையில் அல்லது திண்ணையில் வைத்தோம். இப்போதோ வாயிலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் வைக்க ஒரு வரவேற்பு மேசை, தாம்பூலம் வழங்க ஒரு மேசை, சீர்வரிசைத் தட்டுகளைப் பரப்ப ஒரு மேசை, பந்திக்கு வரிசை வரிசையாக மேசைகள் என்று ஆகிவிட்டன. பனிமய மாதா ஆலயத்தில் மணம் முடித்து வரும் குடும்பங்களில் கேக்கு வெட்டுவதற்கும் ஒரு மேசை உண்டு. மேசை வந்ததில் குறையொன்றுமில்லை. முதியவர்க்கும் முழங்கால் வலியுள்ளவர்க்கும் அது நன்மையே. அதன்மேல் எதனை விரிக்கிறோம், எதனை வைக்கிறோம் என்பதே வினா.

இது பற்றிச் சட்டம் ஏற்கெனவே பேசிவிட்டது. தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டில் ஆணையிட்டு, 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களில் 14 வகைகளைத் தடை செய்தது. உணவு மேசையின் மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் அவற்றுள் ஒன்று என்பதை நம் உறுப்பினர் பலர் அறியார். நெய்யாத பை என்று விற்கப்படுவதும் அப்பட்டியலில் உள்ளது. அது துணி போலத் தோன்றினும் தறியில் பிறந்ததன்று. பிளாஸ்டிக் இழைகளை ஒட்டிச் செய்தது. பின்னர், 2022 சூலை 1 முதல் நாடு முழுமைக்கும் நடைமுறைக்கு வந்த தடையில் அலங்காரத்துக்கான தெர்மாகோல் என்றே தனியாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஆகவே மணமேடையில் நாம் காணும் வெள்ளை எழுத்துகள் அழகுக் குறைவானவை மட்டுமல்ல, சட்டத்துக்கும் புறம்பானவை.

தெர்மாகோலின் இயல்பை நம் மாவட்டத்தார்க்கு விளக்கவேண்டுவதில்லை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், வைகை அணையின் நீர் ஆவியாவதைத் தடுக்க அவ்வட்டைகளை மிதக்கவிட்டபோது, சிறு காற்றுக்கே அவை கரை ஒதுங்கியதை நாடே கண்டது. உடைந்தால் உருண்டை உருண்டையாகச் சிதறும், காற்றில் பறக்கும், நீரில் மிதக்கும், மண்ணில் மக்காது. மண்டபத்தின் பின்புறம் கொட்டியது மழை பெய்தால் வாய்க்காலுக்கு வரும்; வாய்க்காலிலிருந்து வயலுக்கு வரும். 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையின் நீரை நம்பி வாழும் பள்ளத்தாக்கு இது. தண்ணீர் வரும் வழியில் குப்பையைக் கொட்டுவது தன் உலையில் தானே மண் போடுவதாகும். பந்தி மேசையில் விரித்த பிளாஸ்டிக் தாளின் கதையும் இதுவே. எச்சில் இலையோடு அதனையும் சுருட்டி எறிகிறோம். இலையின் மணத்துக்கு வரும் மாடு தாளையும் சேர்த்து விழுங்குகிறது.

சட்டம் 'செய்யாதே' என்று கூறும். அதற்கு மாற்றாக எதனைச் செய்வது என்பதைக் கூறவேண்டிய கடமை நம்மைப் போன்ற சங்கங்களுடையது. நெய்வோரும் விளைவிப்போரும் ஒரே அமைப்பில் கூடியிருக்கும்போது, திருமண மேசைக்கு வேண்டிய எந்தப் பொருளுக்கும் நாம் வெளியே கையேந்த வேண்டியதில்லை.

முதலில் தறியைப் பார்ப்போம். கரூரில் நெய்யப்படும் மேசை விரிப்புகளும் கைத்துண்டுகளும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உணவு மேசைகளை அழகு செய்கின்றன. அயல்நாட்டார் மேசைக்குத் தமிழகத்துத் துணி. தமிழகத்தார் மேசைக்குப் பிளாஸ்டிக் தாள்! இம்முரண்பாட்டை எண்ணிப் பார்க்கவேண்டும். நம் மாவட்டத்திலேயே ஆண்டிபட்டிப் பக்கத்துச் சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் நெசவுக்குப் பெயர் பெற்றவை. சேலையும் வேட்டியும் துண்டும் நெய்யும் கை, மேசை விரிப்பு நெய்ய இயலாததன்று. அகலத்துக்குத் தக்க அச்சும் ஒழுங்கான கரையும் இருந்தால் போதும்.

ஒரு சிறு கணக்கு இட்டுப் பார்ப்போம். 6 அடி நீள மேசையின் நடுவே அரை கஜ அகலத்தில் ஒரு விரிப்பு இட்டு, இரு முனையிலும் முக்கால் அடி தொங்கவிட்டால் ஏழரை அடி, அதாவது இரண்டரை கஜம் வேண்டும். நான்கு மேசைகளுக்கு 10 கஜம். ஒரே முகூர்த்தத்தில் இரு வீட்டுத் திருமணம் வருவது இயல்பாதலால் இரு தொகுதி வைத்துக்கொண்டால் 20 கஜம். ஒரு பந்திக்கு 100 பேர் என்றும், ஆளுக்கு 2 அடி இடம் என்றும் கொண்டால் பந்தி மேசைகளின் நீளம் 200 அடி. அவற்றின் முன்புறத்தில் தொங்கவிடும் துணிக்கு ஏறத்தாழ 67 கஜம் ஆகும். எல்லாம் சேர்ந்து 87 கஜம்; சேதாரத்துக்கு இடம் வைத்து 90 கஜம் என்போம். இத்தொகுதி 30 திருமணங்களுக்கு உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு திருமணத்துக்கு விழும் துணி 3 கஜமே. ஒரு வேட்டித் துணிக்கும் குறைவான அளவில் மண்டபம் முழுவதும் மேசை அலங்காரம் முடிந்துவிடுகிறது. மலிவு என்று நாம் கூறுவதன் பொருள் இதுதான். நெசவாளியின் கூலியைக் குறைத்து வரும் மலிவன்று. ஒன்றைப் பலரும் பலமுறை பயன்படுத்துவதால் வரும் மலிவு.

துணியைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள் கூறவேண்டும். ஒன்று, சாயம் போகாத நூலாக இருக்கவேண்டும். ஒரு விரிப்பின் சிவப்பு மற்றொன்றின் வெண்மையைக் கெடுத்தால் தொகுதியே பாழ். மற்றொன்று, மஞ்சள் கறை. நம் சமையலில் மஞ்சள் இல்லாத குழம்பு அரிது. மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டதும் அது சிவந்து காட்டும், துவைப்பவர் அஞ்சிவிடுவர். அஞ்சவேண்டியதில்லை. நன்றாக அலசி வெயிலில் உலர்த்தினால் மஞ்சளின் நிறம் ஒளியில் மங்கிவிடும். ஆயினும் உண்ணும் இடத்தின் மேல் துணி விரிக்காதிருப்பதே அறிவுடைமை. பந்தி மேசைக்கு முன்புறத் தொங்கல் போதும். மேற்புறத்தை நன்கு துடைத்து வாழையிலை இடுவோம். இலையே பந்தியின் அலங்காரம். நுனி இலையின் பசுமைக்கு ஈடான மேசை விரிப்பை எந்த நாட்டுத் தறியும் இன்னும் நெய்யவில்லை. மேசை நனையாதிருக்க ஏதேனும் விரித்தே ஆகவேண்டுமெனில், மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசாத வெறுந்தாளை விரிக்கலாம். அது இலையோடு எருக்குழிக்குப் போகும்.

தறியில் பாவு தீரும்போது மிஞ்சும் நூல் துண்டுகளும் வீணல்ல. அவற்றைச் சேர்த்துக் குஞ்சம் கட்டலாம். விரிப்பின் முனைகளிலும் தட்டுகளின் ஓரத்திலும் தொங்கவிடலாம். பொதுக்கூட்டங்களில் தலைவர்களுக்குப் பூமாலைக்கு மாற்றாகக் கதர் நூல் மாலை அணிவித்த வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. வண்ண நூல் மாலையொன்றை வரவேற்பு மேசையின் முகப்பில் வளைத்துக் கட்டினால் அது வாடுவதில்லை. அடுத்த திருமணத்துக்கும் பயன்படும்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். வாழை ஒருமுறை தார் ஈன்றபின் அந்த மரத்துக்கு வேறு பயன் இல்லையென்று வெட்டிச் சாய்க்கிறோம். அம்மரத்தின் தடித்த பட்டைகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி நிறுத்தினால், அதுவே பூக்கூடை. பட்டைக்குள் உள்ள சிறு அறைகளில் நீர் தங்கியிருப்பதால், அதில் குத்திய பூக்காம்பு ஒரு பொழுது வாடாமல் நிற்கும். பூக்கடைகளில் இதே வேலைக்கு வைக்கும் பச்சை நுரைக்கட்டியும் ஒருவகைப் பிளாஸ்டிக்கே. ஒரு நாள் பயன்பட்டபின் பொடியாகி மண்ணில் கிடக்கும். நம் வாழைத் துண்டோ மறுநாள் எருவாகும். அதே பட்டையிலிருந்து உரித்த நாரை நிழலில் உலர்த்தி வைத்தால் பூத்தொடுக்கவும், தோரணம் கட்டவும், தட்டு சுற்றவும் உதவும். ஆடிக் காற்றில் சாய்ந்த வாழைக்கு ஈடு செய்வார் இல்லை. ஆடியில் திருமணமும் இல்லை. ஆனால் ஆடியில் சாய்ந்த மரத்தின் நாரை உலர்த்திச் சேமித்தால் ஆவணித் திருமணங்களுக்கு அது பயன்படும். மதுரை மாவட்டத்து மேலக்காலைச் சேர்ந்த முருகேசன் என்னும் உழவர், மிதிவண்டிச் சக்கரத்தின் வளையத்தைக் கொண்டே வாழைநார் திரிக்கும் கருவி அமைத்து, அக்கயிற்றால் கூடையும் பையும் செய்யும் தொழிலைத் தம் ஊரில் வளர்த்துள்ளார். பெரும் முதல் இல்லாமலே இது கைகூடும் என்பதற்கு அவர் சான்று.

திராட்சைக் கொடி நமக்கே உரிய செல்வம். 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டதாகக் கூறப்படும் பன்னீர்த் திராட்சை, நம் பள்ளத்தாக்கில் வேரூன்றி, 2023ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர்த் திராட்சை என்னும் பெயரால் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. பிற இடங்களில் ஆண்டுக்கு ஒரு பருவம் காய்க்கும் கொடி, இங்கு ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் கனி தருகிறது. அதாவது, ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் கவாத்தும் நடைபெறுகிறது. வெட்டிய கொடிகளை வரப்பில் குவித்துக் கொளுத்துகிறோம். அவற்றுள் விரல் பருமனுக்குக் குறைந்த நீண்ட கொடிகளைத் தெரிந்தெடுத்து, பச்சையாக இருக்கும்போதே, உலர்ந்திருந்தால் ஓர் இரவு நீரில் ஊறவிட்டு, ஒரு சாண் அகல வளையமாகச் சுற்றி வாழைநாரால் கட்டினால், அவ்வளையம் உலர்ந்தபின் இரும்புக் கம்பி போல் நிற்கும். நடுவில் ஓர் அகல்விளக்கையோ, பூ மிதக்கும் கிண்ணத்தையோ வைத்தால் மேசைக்கு அதைவிட வேறு அணி வேண்டாம். மேலை நாடுகளில் இத்தகைய கொடி வளையங்களைக் கடைகளில் விலை கொடுத்து வாங்குகின்றனர். நாம் கொளுத்தும் பொருள் அங்கே விலைப் பொருள்!

ஆனால் ஒரு காப்பும் கூறவேண்டும். கொடிகளில் மயில்துத்தக் கலவையும் பிற மருந்துகளும் தெளிக்கப்பட்டிருக்கும். ஆகவே நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்த பின்னரே கையாள வேண்டும். வளையத்தின் மேல் உண்பொருள் எதையும் வைக்கலாகாது. பூச்சி பிடித்த கொடியை மற்றொருவர் தோட்டத்து வழியாகக் கொண்டு போதலும் கூடாது. நோய் பரவினால் பந்தலுக்குப் பந்தல் கேடு.

தென்னங்குருத்துத் தோரணம் நம் மரபின் அழகு. கிளியும் விசிறியும் மலரும் ஓலையிலே மடித்துச் செய்யும் முதியவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். எனினும் காய்க்கும் மரத்தின் குருத்தை வெட்டுவது மரத்தின் வளர்ச்சியைக் கெடுப்பதாகும். தென்னைக்கு வளர்முனை ஒன்றே. அது புண்பட்டால் வண்டும் அழுகலும் அவ்வழியே புகும். ஒரு நாள் அழகுக்காகப் பல ஆண்டுக் காய்ப்பைப் பணயம் வைக்கலாகாது. வெட்டவிருக்கும் மரத்திலும், சாய்ந்த மரத்திலும் குருத்தை எடுத்துக்கொள்வோம். மற்றபோது பச்சை ஓலையைக் கொண்டே தோரணம் பின்னுவோம். பின்னிய ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் முதல்நாள் மாலையில் செய்தது மறுநாள் முகூர்த்தம் வரை வதங்காது.

இங்கே நம் பூ விவசாயிகள் ஒரு கேள்வியை எழுப்புவர், எழுப்புதல் நியாயமே. "எல்லாரும் ஓலையும் கொடியும் வைத்துவிட்டால் எங்கள் பூவை யார் வாங்குவர்? முகூர்த்த நாளில் பூ விலை ஏறுவதுதானே எங்களுக்கு மிஞ்சும் பலன்?" என்பர். சங்கம் ஒருவரை ஏற்றி மற்றவரைத் தாழ்த்துவதற்கு உரியதன்று. உண்மையை நோக்குவோம். முகூர்த்த நாளில் மல்லிகையின் விலை மலையேறுகிறது; வரத்து மிகுந்து முகூர்த்தம் இல்லாத நாளில் பள்ளத்தில் விழுகிறது. ஏறும்போது வாங்குவோர் பிளாஸ்டிக் பூவுக்கு ஓடுகின்றனர். விழும்போது விளைவிப்போர் பறிகூலிக்கும் போதாமல் செடியிலேயே விட்டுவிடுகின்றனர். ஏற்றத்தால் நாம் இழந்தது வாங்குவோரை. இறக்கத்தால் இழந்தது முதலை. ஓலையும் கொடியும் பூவுக்குப் பகையல்ல. பிளாஸ்டிக் பூவே பகை. கொடி வளையத்துக்கு நடுவே பத்துச் சம்பங்கி, ஒரு கைப்பிடிச் செண்டுமல்லி வேண்டும். திருமண வீட்டார் தேதி குறித்தவுடன் சங்கத்தில் பதிந்து, இன்ன நாளுக்கு இவ்வளவு பூ, இன்ன விலைக்கு என்று முன்னரே பேசிக்கொண்டால், கொடுப்பவர்க்கு உறுதி, வாங்குபவர்க்கும் உறுதி. மல்லிகை மணமகளின் கூந்தலுக்கு இருக்கட்டும். மேசைக்குத் தாங்கும் பூ வேறு உண்டு.

அடுத்து, மதிப்பு பற்றிய தடை. "கையால் செய்ததை வைத்தால் உறவினர் ஏழ்மையென்று எண்ணமாட்டார்களா?" என்று பெற்றோர் தயங்குகின்றனர். இத்தயக்கம்தான் பல வீடுகளைக் கடனில் ஆழ்த்துகிறது. கையால் செய்ததே மதிப்புடையது என்பதற்கு நம் நாட்டில் சான்றுகள் குறைவல்ல. பத்தமடையில் கோரைப் பாய் நெய்வோர் மணமக்களின் பெயரைப் பாயிலேயே நெய்து தருகின்றனர். அது வீட்டின் நினைவுப் பொருளாக நெடுநாள் நிற்கிறது. தஞ்சாவூர் நெட்டி வேலை 2020ஆம் ஆண்டிலும், அரளிப்பூவைப் பாய்போல் தட்டையாகத் தொடுக்கும் தோவாளை மாணிக்கமாலை 2025ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. குளத்து நெட்டிக்கும் வேலியோரத்து அரளிக்கும் அந்த மதிப்பைத் தந்தது கை, விலையல்ல. 1942ஆம் ஆண்டு மார்ச்சில் இந்திரா தம் திருமணத்தில் உடுத்தியது தந்தையார் நேரு சிறையில் நூற்ற நூலால் நெய்த கதர்ச் சேலை. பட்டுக்குப் பஞ்சமில்லாத அந்த வீட்டில் நூற்பு நூல் தாழ்வாகக் கருதப்படவில்லை; அதுவே சிறப்பாகக் கருதப்பட்டது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967ஆம் ஆண்டில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருமணத் திருத்தச் சட்டமும், உற்றார் முன்னிலையில் மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டாலே மணம் செல்லும் என்று கூறிற்று. சட்டம் கேட்பது ஒரு மாலை. மற்றவையெல்லாம் நாம் நம்மீது சுமத்திக்கொண்டவை.

மூன்றாவது தடை நம் வீட்டுப் பெண்களிடமிருந்து வரவேண்டிய ஒன்று. வருவதற்கு முன் நாமே கூறிவிடுவது நேர்மை. "கையால் செய்யுங்கள், செலவு குறையும்" என்று ஆடவர் எழுதுவது எளிது. அந்தக் கை எவருடைய கை? திருமணத்துக்கு முன்னிரவில் பலகாரம் சுட்டு, விருந்தினரைக் கவனித்து, குழந்தைகளைத் தூங்கவைத்த பின், பெண்களே அமர்ந்து ஓலை மடிக்கவேண்டுமெனில் அது மலிவன்று. செலவை ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாற்றுவதே. இதனை நாம் ஒப்பமாட்டோம். தோரணம் பின்னுவதற்கும், வளையம் கட்டுவதற்கும், விரிப்புத் துவைத்து மடிப்பதற்கும் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வகுத்து, செய்தவர் பெயரிலேயே சங்கக் கணக்கில் பற்று வைக்கவேண்டும். நெசவாளிக்குக் கஜக் கூலி உண்டு. பறிப்பவர்க்குப் பறிகூலி உண்டு. அலங்கரிப்பவர்க்கு மட்டும் நன்றியுரை போதாது. கூலி கொடுத்தும் இது மலிவாகவே முடியும். ஏனெனில் மூலப்பொருளில் பெரும்பகுதி நாம் எறிவது. எஞ்சியது நாம் பகிர்வது.

ஆகவே நமது யோசனை இது. நம் சங்கம் மேற்கூறிய 90 கஜ விரிப்புகளையும் தொங்கல்களையும் உறுப்பினர் தறிகளிலேயே நெய்வித்து, பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், தாம்பாளம், அகல் ஆகியவற்றுடன் சேர்த்து 'திருமண மேசைத் தொகுதி' என்று வைத்துக்கொள்ளவேண்டும். தேதிவாரியாகப் பதிவேடு ஒன்று இருக்கட்டும். உறுப்பினர்க்குச் சிறு கட்டணம். மற்றவர்க்குச் சற்றுக் கூடுதல். துணியைத் துவைத்துத் திருப்பித் தருவதோ, துவைப்புக் கூலி கட்டுவதோ எடுத்தவர் விருப்பம். கிழிந்தாலும் கறைபட்டாலும் அதற்கு உரிய தொகையை முன்னரே எழுதி வைத்தால் பின்னர் மனத்தாங்கல் எழாது. கட்டணத்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கினால், விரிப்புகள் நைந்தபோது புதியவை நெய்ய அதுவே முதலாகும். ஓலை வேலை அறிந்த முதியவர்களை அழைத்து, இளைஞர்க்கும் பெண்களுக்கும் ஓய்வு நாட்களில் கற்பிக்கலாம். கற்பிப்பவர்க்கும் கூலி உண்டு.

தொகுதி ஒன்று நெசவாளியின் ஓராண்டுப் பசியைத் தீர்த்துவிடாது, அதையும் அறிவோம். நிலையான வேலை தரக்கூடியது தாம்பூலப் பை. பெயர் அச்சிட்ட மஞ்சள் பை நம் திருமணங்களின் பழைய அடையாளம். 2021 திசம்பரில் அரசும் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அதனை நினைவூட்டிற்று. ஒரு கஜ அகலத் துணியில் கஜத்துக்கு 3 பை தைக்கலாம். 500 விருந்தினர்க்கு 167 கஜம். இதன் விலை நெய்யாத பையைவிடக் கூடுதலே, மறைக்கவேண்டியதில்லை. மேசை அலங்காரத்தில் மிச்சப்பட்ட தொகையை இதில் இடுவோம். அலங்காரம் ஒரு நாளில் கலையும். பை பல ஆண்டு சந்தைக்குப் போய் வரும்.

மலைக்கு அப்பால் கேரளத்தில், 2015ஆம் ஆண்டு நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிகளிலேயே பசுமை நெறிமுறை என்று ஒன்று வகுத்து, எறியும் பொருளுக்கு மாற்றாகக் கழுவிப் பயன்படுத்தும் பொருளை வைத்தனர். பின்னர்த் திருமணங்களுக்கும் அது பரவிற்று. குமுளிக்கு மேலே முடிந்தது குமுளிக்குக் கீழே முடியாதா? தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில் இறுதிக் காலத்தைக் கழித்து 1960ஆம் ஆண்டில் மறைந்த ஜே.சி. குமரப்பா, சிற்றூரின் பொருளும் சிற்றூரின் உழைப்பும் சிற்றூரிலேயே பயன்பட்டால்தான் பொருளாதாரம் நிலைக்கும் என்பதை வாழ்நாள் முழுதும் வற்புறுத்தினார். அவர் எடுத்துரைத்த கொள்கைக்குக் கல்யாண மேசையைவிடச் சிறிய தொடக்கமும் இல்லை. எளிய தொடக்கமும் இல்லை.

நம் பள்ளத்தாக்கில் இந்து, கிறித்தவர், இசுலாமியர் ஆகிய முத்திறத்தாரும் வாழ்கின்றனர். சடங்குகள் வேறு, மேசை ஒன்றே. வெள்ளைப் பூ விரும்புவோர் வெள்ளைப் பூ வைக்கட்டும். குங்குமம் வைப்போர் குங்குமம் வைக்கட்டும். அத்தர் தெளிப்போர் அத்தர் தெளிக்கட்டும். அடியில் விரிக்கும் துணி நம் தறியினதாகவும், நடுவில் நிற்கும் வளையம் நம் கொடியினதாகவும் இருக்கட்டும்.

வரும் பேரவைக் கூட்டத்தில் இப்பொருளை உறுப்பினர்கள் எடுத்துப் பேசவேண்டுமென வேண்டுகிறோம். தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கும். அதற்குள் பாவு ஏறவேண்டும். கவாத்துக் கொடிகள் கொளுத்தப்படாமல் கட்டி வைக்கப்படவேண்டும். கட்டணம் எவ்வளவு, கூலி எவ்வளவு, பொறுப்பு எவருடையது என்பவற்றைக் கூட்டமே முடிவு செய்யட்டும். நம் கணக்கில் பிழை இருப்பின் திருத்துவோரை வரவேற்போம். இதனினும் நல்ல யோசனை உடையோர் எழுதினால் அடுத்த இதழில் இடமளிப்போம்.